நடு எஃப் யாருடையது

என் பெனடிக்ட் அண்ணே,

உனக்கு நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் மூவர் ஜாஸ் குழுவுக்கு ஏறுமுகம். மாதா கோயில் மண்டபத்தில் இருபது பேருக்கு வாசித்துக்கொண்டிருந்த குழு, போன மாதம் சிங்கப்பூரில் ஒரு விழாவில் வாசித்தது. உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டே கேட்டார்கள். அடுத்து ஓர் ஆல்பம். ஆனால் நீ இல்லாமல் வந்த ஏற்றம் இது.

நீ கண்ணை மூடிய பிறகு, உன் இடத்தில் இப்போது கவிதா என்ற செடெனாக் ஊர்ப் பெண் எலெக்ட்ரிக் பியானோ வாசிக்கிறாள். பகலில் ஃபேக்டரி வேலை. நம் டிரம்ஸ் முரளிதான் கூட்டிவந்தான். கெட்டிக்காரிதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் முதல் நாளிலிருந்தே எனக்கு அவள்மேல் ஒரு கண். சந்தேகப் பிராணி என்று நீதான் என்னைச் சொல்வாயே.

எங்களைத் தூக்கிவிட்டது ஒரே ஒரு பாட்டு. தான் போட்ட மெட்டு என்றாள். முதல் ஒத்திகையிலேயே எனக்குச் சுருக்கென்றது. நடு எஃப் ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் அவள் கையைத் தூக்கிக்கொண்டாள். என் விரல் தானாகப் போய் பேஸ் கிட்டாரில் அந்த எஃப்பை வாசித்தது.

அது நம் இருவருடைய பழக்கம் அல்லவா? பேஸ் வாசிப்பது யார் காதிலும் விழுவதில்லை, நான் விலகிக்கொள்கிறேன் என்று உன்னிடம் ஒருமுறை அழுதேன். அதே வாரம் உன் பியானோவுக்குள் நடு எஃப்பின் கம்பி அறுந்தது. அந்தக் கீ மட்டும் ஊமையாகிவிட்டது. "புதுக் கம்பி கிடைக்கலலா, அந்த இடத்த நீயே வாசிச்சிடு" என்றாய். அன்றிலிருந்து நீ எஃப்பைத் தொடாமலே மெட்டுப் போட்டாய், நான் நிரப்பினேன். கவிதாவின் பியானோவோ புத்தம் புதுசு. எல்லாக் கீயும் பேசும். அவள் எதற்கு எஃப்பைத் தாண்டவேண்டும்?

உன் மெட்டைத் திருடிவிட்டாள் என்றே முடிவு கட்டினேன். நீ பதிந்துவைத்த மெட்டெல்லாம் உன் போனில், அண்ணியிடம்தானே இருக்கிறது? கவிதா எப்போதாவது வந்தாளா என்று அண்ணியைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணிமேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆல்பத்துக்கு மெட்டமைத்தவர் பெயர் கேட்டுப் படிவம் வந்தபோது நான் உன் பெயரை எழுதினேன். முரளி பதறிவிட்டான்.

"அக்கா, ஆதாரமே இல்லாம இப்படிச் செஞ்சா கவிதா போயிடுவா. குரூப்பே உடைஞ்சிடும்லா."

உடையட்டும் என்றேன். உன் பெயரை இன்னொருத்தி தின்றுவிட்டுப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் பெர்மாஸ் ஜெயாவில் உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கவிதாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. உள்ளே உன் பியானோ சத்தம். கையும் களவுமாக மாட்டினாள் என்று கதவைத் தள்ளினேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். அண்ணிதான் பேசினார்கள்.

"அவரு போனதும் இந்தப் பியானோவ யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னது நீ. வீடு இப்படி அமைதியா கெடந்தா எனக்குத் தாங்கல, ஸ்டெல்லா. நான்தான் இவள வரச் சொன்னேன். உன்கிட்ட சொல்லாதேன்னும் நான்தான் சொன்னேன். ஆறு மாசமா வரா."

"அந்தப் பாட்டு?"

"இதுலதான் போட்டேன்க்கா" என்றாள் கவிதா. "இந்தக் கீ சத்தம் வரல, அதான் அந்த எடத்த சும்மா விட்டேன். ஒத்திகையில நீங்க வாசிச்சீங்க. நல்லா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்."

தன் போனில் இருந்ததைப் போட்டுக் காட்டினாள். அரைகுறையாகத் தொடங்கி, தடுமாறி, திட்டிக்கொண்டே மறுபடி தொடங்கிய அவளுடைய பதிவுகள், ஆறேழு இருக்கும். அந்த மெட்டு அவளுடையதுதான், அண்ணே. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். படிவத்தில் உன் பெயரை அடித்து அவள் பெயரை எழுதினேன்.

பிராயச்சித்தமாக, அந்தக் கம்பியை எப்படியாவது தேடிப்பிடித்து மாற்றித் தருகிறேன் என்றேன். அண்ணி உன் பழைய ஒயர்கள் கிடக்கும் டிராயரைத் திறந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்கள். பிரிக்கவே இல்லை. மேலே உன் கையெழுத்தில் 'நடு எஃப்'.

"சிங்கப்பூர்ல வாங்கிட்டு வந்து பல வருஷமாச்சு. ஏன் போடலன்னு கேட்டா சிரிப்பாரு" என்றார்கள்.

கம்பி கிடைக்கவில்லை என்றாயே, அண்ணே? இத்தனை வருடமும் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். உன்னை ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்காகத்தானா? இனி யாரைக் கேட்பேன்?

பாக்கெட்டைத் திரும்ப டிராயரிலேயே வைத்துவிட்டேன். அதை யாரும் பிரிக்கப்போவதில்லை. அந்தப் பியானோவை கவிதா வாசிப்பாள். நடு எஃப் வரும் இடத்தில் நான் இருப்பேன், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

நீ ஏமாற்றிவிட்டுப் போன தங்கச்சி,
ஸ்டெல்லா