செத்துப்போன ஸ்டியரிங்

ஜனவரி 14, செவ்வாய்

எதிர்க் கம்பெனியின் ராலி கார்ப் பந்தய வீடியோ ஆட்டத்தை இன்று ஓட்டிப் பார்த்தேன். மேஜையில் மாட்டிய ஸ்டியரிங் என்ன இந்த உதறு உதறுகிறது! சரளைப் பாதையில் கார் ஓட்டுகிறேனா, மாவு மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனா? நிஜக் காரில் முன்சக்கரம் பிடி விடுவதற்குச் சற்று முன்னால் ஸ்டியரிங் லேசாகும். அவ்வளவுதான். அந்த லேசு எங்கள் கம்பெனி ஆட்டத்தில் அப்படியே இருக்கிறது. சக்கரத்துக்கான கணக்கையெல்லாம் எழுதியது வென்லா, சின்னப் பெண். கைதட்டிவிட்டு வந்தேன். முப்பது வருஷம் நிஜ ராலி ஓட்டியவன் கைதட்டினால் சும்மாவா? அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

பிப்ரவரி 3

எங்கள் ஆட்டத்தின் புதுப் பதிப்பு. ஸ்டியரிங் செத்துப்போச்சு. பனியா, சரளையா, ஒன்றும் தெரியவில்லை. மரங்களையும் வெளிச்சத்தையும் தவிர எதையும் தொடவில்லை என்கிறாள் வென்லா. யாரிடம் கதை விடுகிறாள்? நீ பிறப்பதற்கு முன்பே நான் கார் கவிழ்த்தவன் என்றேன். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 10

எதிர்க் கம்பெனி ஆட்டத்தை மறுபடி ஓட்டினேன். இப்போது உதறல் அளவாக இருக்கிறது. சரிசெய்துவிட்டார்கள் போல. அவர்களுடையதுதான் நிஜத்துக்குப் பக்கம் என்று முதலாளி டீமுவிடம் சொன்னேன். வென்லா ஏதோ சொல்ல வந்தாள், டீமு கேட்கவில்லை. என் கையை மீறி அங்கே யார் பேசுவார்கள்?

பிப்ரவரி 13

வென்லாவுக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லையாம். நான் என்ன செய்ய? இருப்பதைச் சொன்னேன்.

பிப்ரவரி 20

கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு தடவை ஆட்டத்தை ஓட்டிக் காட்டச் சொல்லி வென்லா கெஞ்சினாள். ஓட்டினேன். ஏரியோர வளைவில் நேராகப் போய் மரத்தில் அடித்தேன். இதுவும் செத்ததுதான் என்றேன்.

"இது ஜனவரியில நீங்க கைதட்டினீங்களே, அதே ஆட்டம், ரெய்யோ. ஒரு எழுத்துகூட மாத்தல."

ஏமாற்று வேலை என்று கத்தினேன். அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள், நான் நிற்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து சாவியைத் தேடு தேடென்று தேடினேன் — சாவி கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 22, சனி

சவுனா, சனிக்கிழமை நீராவிக் குளியல். அடுப்புக் கதவு திறந்துகொண்டது, பிடித்து மூடினேன். மனைவி சிர்க்கா பாய்ந்து என் மணிக்கட்டை இழுத்தாள். "தோல் கருகுற வாசனை வருது, நீ பாட்டுக்குப் பிடிச்சிட்டு நிக்கிற. உனக்கு வலிக்கலையா?"

வலிக்கல. எனக்கு வலிக்கவே இல்ல. கடவுளே, அப்போ அந்தப் பொண்ணு —

மார்ச் 5

நரம்பு. இரண்டு கைகளும், பாதங்களும். போன உணர்ச்சி திரும்பாது என்றார் டாக்டரம்மா. வண்டி ஓட்டக் கூடாதாம். மென்மையாகத்தான் சொன்னார். எனக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது.

மார்ச் 6

டீமுவிடம் போய்ச் சொன்னேன். ஆட்டத்தில் தப்பில்லை, தப்பு என் கையில், அவளைக் கூப்பிடு என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, எதிர்க் கம்பெனி மாதிரியே உதற வைத்தாகிவிட்டதாம். நான் சொன்னேன் என்றுதான்.

வென்லா ஹெல்சிங்கி போய்விட்டாள். போனில் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அன்னைக்கே புரிஞ்சுது. டாக்டரைப் பாருங்கன்னு சொல்லத்தான் பின்னாடியே வந்தேன்" என்றாள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

மார்ச் 19

சிர்க்கா ஓட்டினாள், நான் பக்கத்தில். ஏரி திரும்பும் இடத்தில் பாதையெல்லாம் பனிக்கட்டி. கார் வெளிப்பக்கமாக நழுவியது, சமாளித்துவிட்டாள்.

"நழுவறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் லேசாச்சே, கைக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது."

"எப்படி இருந்துச்சு?"

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினாள். "நம்ம கையைப் பிடிச்சிட்டிருந்தவங்க விட்ட மாதிரி."

சரியாகத்தான் சொன்னாள். அப்படித்தான் இருக்கும்.