செத்தவனுக்குப் பதவி உயர்வு

அம்மா,

சந்தையால் வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். புட்டு மூடியிருக்கிறது. கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்குங்கள். உப்பு காணுமோ தெரியவில்லை.

அடுத்தது, நேற்றைய சண்டை. நான் மாலை வகுப்பில் இருக்கும்போது துப்பறியும் நாடகத்தைப் பார்த்து எனக்குக் கதை சொல்வது நீங்கள்தான். அதில் வரும் என் இன்ஸ்பெக்டரைச் சுட்டுக் கொன்று இரண்டு கிழமையாகிறது என்று வகுப்பில் றொசாந்தி சொன்னாள். வீட்டுக்கு வந்தால் நீங்கள், "அவனுக்குப் பதவி உயர்வு குடுத்திட்டாங்கள் பிள்ளை" என்கிறீர்கள். "இனிப் பொய் சொல்லாதேங்கோ" என்று கத்திவிட்டேன்.

நான் அழுவேன் என்றுதானே மறைத்தீர்கள்? யோசித்துப் பார்த்தேன். உங்கள் கதைதான் திறம். இன்றைக்கும் சொல்லுங்கள்.

கீர்த்திகா

பி.கு.: கொலைகாரன் இன்றைக்குப் பிணையில் வருகிறானாம். உங்கள் கதையில் நீங்கள் அவனை வெளியே விட்டுவிடாதீர்கள்.