நீ கூப்பிட்ட இடத்தில் வயலின்

என் தேசம்மா அக்காவுக்கு,

உன் தம்பி ஏழுமலை எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. கல்மண்டபத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்குப் பாடம் நடக்கிறது, போன வருஷம் சேர்ந்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய விரல்கள் பென்சிலுக்கு மடங்க மாட்டேன் என்றன. இப்போது மடங்குகின்றன. பஸ் வந்தால் பலகையைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ஏறி உட்கார்ந்த பிறகு எதிரே வருகிற பஸ்ஸையும் படிக்கிறேன். ஆசை அடங்கவில்லை அக்கா.

யாருக்காவது ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டீச்சர். இருக்கிறவர்கள் எல்லோரும் போனில் பேசிவிடுகிறார்கள். உன்னோடுதான் பேச முடியவில்லை.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ நடித்த படம் வந்துவிட்டது. நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதைப் போய்ப் பார்த்தேன்.

நான் இப்போது நிறையப் படம் பார்க்கிறேன். கயிற்றுக்கடை சலீம் பாயும் நானும் வாரா வாரம் காலைக் காட்சிக்குப் போகிறோம். வருகிற படத்தில் பாதி நம் பக்கத்துக் கதைதான். எண்ணூர் புகைபோக்கியை வானத்திலிருந்து காட்டுகிறார்கள். அதன் கீழே யாராவது ஒருவன் கத்தியோடு ஓடுகிறான். புகைபோக்கி இருக்கிற ஊரில் ஷிப்டு முடிந்து ஒருத்தனாவது சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டுக்குப் போக வேண்டாமா? ஒருத்தனும் போவதில்லை. யார் வீட்டிலும் உலை கொதிப்பதில்லை. செத்தவனைத் தூக்கிக்கொண்டு போனபிறகு அந்த வீட்டில் மறுநாள் என்ன நடந்தது என்று எந்தப் படமும் உள்ளே வந்து பார்ப்பதில்லை.

சலீம் பாய் ஒருநாள் கேட்டார், "மாமு, நாம இம்மாம் வருசமா இங்க கீறோம். நம்மள ஒருத்தனும் வெட்டலியே, ஏன்?"

"நம்மள வெட்டி இன்னா பிரயோஜனம் பாய். படம் ஓடாது" என்றேன்.

உன் படத்துக்கு வருகிறேன்.

அந்தப் படப்பிடிப்பு நாள் உனக்கு எவ்வளவு நினைவிருக்குமோ. எண்ணூர் கடற்கரையில் கருங்கல் கொட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பிணமாக ஒரு பையனைப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து அழ நம் குப்பத்துப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நடுவில் தலைமாட்டில் உன்னை உட்கார வைத்தார்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் நீ போய் ஒப்பாரி சொல்வாய் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன்.

ஊருக்கெல்லாம் அழுத நீ மாமாவுக்கு மட்டும் அழவில்லை. அவர் போன படகு திரும்பி வந்தது. கூடப் போனவர்கள் வந்தார்கள், அவர் வரவில்லை. உடல் கிடைக்காத மனுஷனுக்கு எப்படி அழுவது என்று நீ பொட்டை அழிக்காமலே இருந்துவிட்டாய். வாசல் கதவுக்கு ராத்திரியில்கூடத் தாழ்ப்பாள் போட்டதில்லை. அவர் பெயரை அவர் இருந்தபோதும் சொன்னதில்லை, போன பிறகும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாய். நான்தான் "எல்லப்பன்" என்று சொல்வேன்.

உன்னிடம் வேலை வாங்கிய உதவி டைரக்டர் நல்ல பிள்ளை. "அம்மா, செத்துக் கிடக்கிறது உங்க புள்ள. பேரு அருளு. அருளு, அருளுன்னு சொல்லி அழணும்" என்றான்.

"சரி நைனா" என்றாய்.

கேமரா ஓடியது. "மவனே" என்று ஆரம்பித்தாய். அடுத்த வார்த்தை என்ன வந்தது தெரியுமா? "யோவ் எல்லப்பா."

நீ அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நிறுத்தச் சொன்னார்கள். "அம்மா, அருளு" என்று மறுபடி சொன்னான். மறுபடி "சரி நைனா" என்றாய். மறுபடியும் எல்லப்பாதான். பிணமாகக் கிடந்த பையன் ஒரு கண்ணைத் திறந்து, "சார், எல்லப்பா யாரு? நான் அருளு இல்லியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உனக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த டைரக்டர், "விடுப்பா. முகம் பிரமாதமா இருக்கு. அங்க மியூசிக்தான் வரும்" என்றார். திரும்ப அழச் சொல்லி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் என்ன சொன்னார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நீ கேட்டாய், "டேய் ஏழு, நா இன்னா சொல்லி அழுதேன்?"

"ஏங்க்கா, உனக்குத் தெரியாதா?"

"வாயத் தொறந்தது தெரியும். அப்பால ஒண்ணும் நெனப்பு இல்லடா. படம் வந்தா இட்டுகினு போ. நானே கேட்டுக்கறேன்."

அன்றைக்குத்தான் நீ வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தாய்.

படத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நாம் இரண்டு பேருமே நம்பினோம். அதனால் நீ மேலே கேட்கவில்லை, நானும் மேலே சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தாய். அப்போதும் "படம் வந்துச்சா?" என்றுதான் கேட்டாய். வரவில்லை.

நீ போன பிறகுதான் வந்தது. வந்ததும் முதல் காட்சிக்கே ஓடினேன். கதை பாதி நேரம் வெட்டுக்குத்து. சலீம் பாய் என் தொடையைத் தட்டித் தட்டி, "உங்க அக்கா எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இடைவேளைக்குப் பிறகு அந்தப் பந்தல் வந்தது. முதலில் வானத்திலிருந்து காட்டினார்கள். பிறகு திரை முழுக்க உன் முகம். மூக்குத்தி ஒரு தட்டு அளவுக்குப் பெரிதாக இருந்தது. வாயைத் திறந்தாய்.

வயலின் வந்தது.

நீ வாயை அசைக்கிறாய், மார்பில் அடித்துக்கொள்கிறாய், எல்லாம் தெரிகிறது. குரல் மட்டும் இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நான் அழவில்லை அக்கா. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயலின் ஒரு மூச்சு விட்டால்கூட உன் குரல் கேட்டுவிடாதா என்று. அது மூச்சே விடவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. எழுத்து ஓடுகிறது, என் கண் நடந்து போகிறது. பெருக்க வந்தவர், "பெர்சு, படம் முட்ஞ்சிச்சு, கெளம்பு" என்றார். "எழுத்து ஓடிகினு கீதுப்பா" என்றேன். உன் பெயர் வந்ததா என்று தெரியவில்லை. கடைசியில் வந்த ஒரு வரி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதைக் கூட்டிப் படித்தேன். எண்ணூர் மக்களுக்கு நன்றி.

"இன்னா போட்டுகீறான் மாமு?" என்றார் சலீம் பாய். சொன்னேன்.

"அப்போ அக்காவுக்கும் சேத்துதான்" என்றார். அவர் நல்ல மனுஷன். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார்.

வெளியே ஒரு பையன் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றான். படம் பார்த்தவர்கள் எல்லோரும் ரொம்ப ஆழமான படம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் வந்தான். "தாத்தா, மியூசிக் வேற லெவல் இல்ல?"

"மூஸிக்கு நல்லாத்தான் கீது நைனா. அதுக்குக் கீழ ஒரு பொம்பள பேசிகினு இருந்துச்சே, அத்தக் கேட்டியா?"

"அப்படியா? கவனிக்கல தாத்தா" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

போன மாதம் ஒரு சின்னப் படம் பார்த்தேன். கூட்டமே இல்லை. புருஷன் செத்த மறுநாள் ஒருத்தி அவன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவுகிறாள். குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும்தான். ரொம்ப நேரம் கழுவுகிறாள். சலீம் பாய், "இன்னா மாமு, சவுண்டு பூட்சா?" என்றார். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. உன்னை இந்த மாதிரி ஒரு ஆள் படம் எடுத்திருக்கக் கூடாதா? உன் டைரக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. உன் முகத்தில் என்னவோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தால், அவர் படத்திலேயே இல்லாத ஒரு கதை அவருக்குக் கிடைத்திருக்குமே?

இனி நீ என்ன சொன்னாய் என்று சொல்ல நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். எனக்கும் எல்லாம் நினைவில் இல்லை. கருங்கல் மேல் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வந்தவரைக்கும் எழுதுகிறேன்.

"யோவ் எல்லப்பா, கொழம்பு ஆறிப்பூட்ச்சுய்யா. கடலு இன்னா உனுக்கு மாமியா வூடா, போனவன் அங்கயே குந்திகினு கீற. கூடப் போனவன்லாம் வந்துட்டான்யா. எல்லாரு மூஞ்சியும் பாத்தேன், உன் மூஞ்சி இல்லியே. கதவ நா சாத்தவே இல்லய்யா எல்லப்பா."

இதற்குப் பிறகும் நீ சொன்னாய். வரும், விடமாட்டேன். ஒவ்வொரு வரியாக எழுதிச் சேர்ப்பேன். சேர்ந்ததும் அதே கடற்கரையில், நீ உட்கார்ந்த இடத்தில் நின்று, உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். மாமா பெயரையும் சேர்த்துப் படிப்பேன். அலைச் சத்தம் கூட வரும். அது பரவாயில்லை.

உன் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற
உன் தம்பி,
ஏழுமலை