முதல் மாடியில் இருபது இல்லை

செப்டம்பர் 8, திங்கள்

சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது. பேருந்து ஊர்ந்து பாபநாசம் வந்து சேர்ந்தது. கடைக்குள் கால் வைக்கும் முன்பே செல்லதுரை சார், "மேகலா, ராம்கியோட ஹாஸ்டலுக்குக் கெளம்பு" என்றார். கடை அவருடையது, கணினிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறார். ராம்கி அண்ணன் இன்ஜினியர். நான் கேபிள் இழுப்பவள்.

பெண்கள் விடுதி. ஆண்கள் உள்ளே வரக் கூடாது. வார்டன் ஆனந்தவல்லி மேடம் வாட்ச்மேன் பெஞ்சைக் காட்டி, "தம்பி, உங்களுக்கு இதோட சரி" என்றார். அதனால் லேப்டாப்போடு மாடியேறுவது நான். அவர் போனில் சொல்வதைத் தட்ட வேண்டும், திரையில் வருவதைப் படிக்க வேண்டும்.

தளத்துக்கு ஒரு ஸ்விட்ச், அந்தத் தளத்துக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி. முதல் மாடிக் கணினிகளுக்குப் பத்து, இரண்டாம் மாடிக்கு இருபது என்று எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். வி-லேன் என்கிறார்கள். ஓர் எண்ணைத் தாண்டி வெளியே போக வேண்டுமென்றால் கீழ்த்தள ஸ்விட்ச்தான் வழிவிடும். கட்டடம் காலியாக இருந்தபோது ராம்கி அண்ணன் போட்டது. இரண்டாம் மாடிக்கு இந்த மாதம்தான் ஆள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் கல்லூரியின் தேர்வு சர்வர் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தேர்வு. முதல் மாடியின் வைஃபையைப் பிடிக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பூவிழி என்றொரு பெண் நகர்ந்து வழிவிட்டாள். "நீங்க எந்த காலேஜ்?"

என் வயதுதான் இருக்கும். கேட்காத மாதிரி ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 9

"டைப் பண்ணு. யோசிக்காத." நாள் முழுக்கப் போனில் ராம்கி அண்ணன் இதே. இரண்டாம் மாடி, கீழ்த்தளம், மறுபடி இரண்டாம் மாடி. கால் விண்விண் என்கிறது. யோசிக்காமல் எப்படி இருப்பது? அதற்கு ஏதாவது பட்டன் இருக்கிறதா?

கிளம்பும்போது செல்லதுரை சார் சொன்னார்: "இந்த ஹாஸ்டல் வேலைக்குத்தான் பொண்ணு வேணும்னு உன்னைச் சேர்த்தேன். முடிஞ்சதும் ரீசார்ஜ் கவுன்ட்டர்ல உக்காந்துக்க. நிழல்ல இருக்கலாம்."

நான் நிழல் கேட்டேனா?

செப்டம்பர் 10

இன்று ஒன்று செய்துவிட்டேன்.

இரண்டாம் மாடி. வரிவரியாக ஏதோ வந்தது. "படி" என்றார். நான் படிக்கவில்லை.

"ஹலோ. லைன் இருக்கா?"

"இருக்கு. இது எதுக்குன்னு சொல்லுங்க அண்ணே. சொன்னாத்தான் படிப்பேன்."

"உனக்கு எதுக்குடி அது? பத்தாவது படிச்சிட்டு..."

பத்தாவதுதான். அப்பா நோயில் படுத்த வருஷம் படிப்பை நிறுத்தினேன். அதுக்காக நான் என்ன மைக்கா, இவரு பேசுறத அப்படியே அங்க கொண்டுபோய் விடறதுக்கு? போனைக் கீழே வைத்துவிட்டேன். ஜன்னல் வழியே பார்த்தேன். கேட் வரை வந்தார், வாட்ச்மேன் மறித்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. அப்புறம் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பூவிழி லேப்டாப்போடு வந்து, "சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். வேலை போய்விடுமே என்று கவலைப்படுவாள் என்று நினைத்தேன். "நீயா? வாயத் தொறந்தா பேசுன?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

போனால் போகட்டும்.

செப்டம்பர் 11

காலையில் எனக்கு முன்னாலேயே ராம்கி அண்ணன் பெஞ்சில் இருந்தார். முகத்தைப் பார்க்காமல், "டீ குடிச்சியா" என்றார். பிறகு கடுகடுவென்று சொல்ல ஆரம்பித்தார். இரண்டாம் மாடியிலிருந்து கிளம்புவது முதல் மாடி ஸ்விட்ச் வழியாகத்தான் கீழே வர வேண்டும். கீழே வந்தால்தான் அடுத்த எண்ணுக்கு மாறும். நேற்று படிக்கச் சொன்னது, மேலிருந்து இருபது கிளம்புகிறதா என்று பார்க்க.

"முதல் மாடியில இருபதுல ஒரு மெஷின்கூட இல்லையே அண்ணே. அந்த ஸ்விட்சுக்கு இருபதுன்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா?"

பெஞ்சை விட்டு எழுந்தார். "போய் அந்த ஸ்விட்ச்ல இருக்கற நம்பர் லிஸ்ட் எடு."

எடுத்தேன். பத்து இருந்தது. இருபது இல்லை. அங்கே யாருக்கும் தேவைப்படாததால் யாரும் சேர்க்கவே இல்லை. நானும் முதல் மாடியைத் தாண்டித் தாண்டி மேலேயும் கீழேயும் ஓடியிருக்கிறேன்.

இருபதைச் சேர்த்தேன். இரண்டாம் மாடி கீழ்த்தளத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் தேர்வு சர்வர் பதில் தரவில்லை. மாடிக் கேபிளில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். "இல்ல புள்ள. போறது போயிடுது. அங்கேருந்து திரும்பி வர வழி இல்ல" என்றார். கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். பத்துக்குத் திரும்பும் வழிதான் சர்வர் பக்கம் எழுதியிருந்ததாம், இருபதுக்கு இல்லை. அதை எழுதினார். என் திரையில் பதில் வரிசையாக வந்தது.

அதை நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கேபிளைத்தான் கழற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

செப்டம்பர் 12

படிக்கட்டில் யாரும் இல்லை. பூவிழி அறையில் உட்கார்ந்து தேர்வு எழுதுகிறாள். வெளியே வந்தபோது நானாகவே சொன்னேன், "நான் காலேஜ் இல்ல. பத்தாவதோட நின்னுட்டேன்." "அப்ப எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள். "இங்கதான், உங்க படிக்கட்டுல" என்றேன். சிரித்தாள்.

செப்டம்பர் 15

கவுன்ட்டருக்குப் புது ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார் செல்லதுரை சார். மெத்தை வைத்தது.

நான் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றேன்.

செப்டம்பர் 16

இன்றும் நின்றேன். ரீசார்ஜுக்கு வந்தவர்களுக்கு நின்றபடியே போட்டுவிட்டேன். மத்தியானம் சார் கேட்டார்.

"கால் வலிக்கலையாம்மா? உக்காரேன்."

"வேணாம் சார்."

"ஏன், ஸ்டூல்ல முள்ளா இருக்கு?"

"உக்காந்தா இதுதான் என் எடம்னு ஆயிடும் சார்."

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ராம்கி அண்ணன் உள்ளேயிருந்து, "நாகப்பட்டினம் மீன் கம்பெனிக்கு ரெண்டு ஆள் வேணும் சார்" என்றார். "அது ஆம்பளைங்க இடம்டா" என்றார் சார். "அதனால என்ன, ஹாஸ்டல்ல என்னைத் தடுத்த மாதிரி அங்க கேட்ல இவளை யாரும் தடுக்க மாட்டாங்க."

சார் கல்லாவை இழுத்தார், மூடினார். "ஒரே ஒரு தடவை" என்றார்.

செப்டம்பர் 24

நாகப்பட்டினம். ஐஸ் அறை, எடை போடும் இடம், அலுவலகம் என்று ஐந்து ஸ்விட்ச். ஒன்றில் நான் தவறான போர்ட்டில், கேபிள் செருகும் துளையில், எண்ணை மாற்றிவிட்டேன். எடை மெஷின்கள் மொத்தமும் நின்றுவிட்டன. லாரிக்காரர்கள் கத்தினார்கள். ராம்கி அண்ணன் எல்லோர் முன்னாலும் திட்டினார். செல்லதுரை சார் போனில் திட்டினார், "எத்தனை வாட்டி சொல்றது, மாத்துறதுக்கு முன்னாடி பழைய செட்டிங்கை எடுத்து வைன்னு."

கவுன்ட்டருக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை.

சரி செய்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.