எங்கள் தெரு உரத்தொட்டி

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். மேஸ்திரி செல்வராஜின் காலி மனையில் மூன்று சிமெண்ட் உறைகள் இறக்கியாயிற்று. கிணற்றுக்குப் போடும் உறைதான். தெருவின் சமையல் கழிவெல்லாம் இனி இதில். காலை ஆறு முதல் ஏழரை. அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்: காய்த் தோல், பழைய சோறு, டீத்தூள், வாடிய பூ போடலாம். பால் கவர், எலும்பு, கண்ணாடி கூடாது.

முதல் நாள் ஒன்பது வாளி.

தெருமுனைக் குவியலை இன்றும் யாரோ கொளுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் அருளுக்குப் பத்து மணி வரை இழுப்பு. தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் உழைத்த நுரையீரல். டாக்டர் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை மோசமானால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதாம். குவியல் பாதியானால் குப்பை வண்டியே அள்ளிவிடும், கொளுத்த வேண்டியதில்லை என்றார் வண்டி மேற்பார்வையாளர். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் இவ்வளவும்.

அக். 8, புதன்

பதினாறு வாளி! பள்ளிக்குக் கால் மணி தாமதம். ஹெச்.எம். முகம் சரியில்லை. 6ஆம் வகுப்புத் தாள் இன்னும் திருத்தவில்லை.

கீரை விற்கும் பேச்சியம்மாள் தானாகவே வந்தாள். தினமும் கிளறிவிடுகிறாளாம். மக்கியதும் சாணார்பட்டியில் அவளுடைய கீரைப் பாத்திக்கு இரண்டு சாக்கு உரம் வேண்டுமாம். ஒத்துக்கொண்டேன்.

அக். 11, சனி

இரண்டு நாள் அடைமழை. தொட்டியெல்லாம் கூழ். புழு. நாற்றம் எங்கள் அடுப்படி வரை.

செல்வராஜ் வந்தார். பக்கத்திலிருக்கும் அவருடைய வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் காலி செய்கிறோம் என்கிறார்களாம். "நல்ல காரியம்னுதான் இடம் குடுத்தேன் டீச்சர். இப்ப எம்பாடு திண்டாட்டமாப் போச்சு." அடுத்த சனிக்கிழமை வரை கெஞ்சி அவகாசம் வாங்கினேன். மரக்கடையில் மரத்தூள் கேட்டுச் சுமந்து வந்து கொட்டினேன். தோள்பட்டை வலி. அழுகை வந்தது. மழையோடு மழையாகப் போயிற்று.

அக். 13, திங்கள்

பேச்சியம்மாள் கையைப் பிளேடு கிழித்துவிட்டது. கிளறும்போது குப்பைக்குள் பாதி பிளேடு, உள்ளங்கையில் ஆழமாக. வலது கை. ஆஸ்பத்திரியில் தையல், ஊசி. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

அதன் பிறகு எனக்கு நிதானமே இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன், யார் போட்டது என்று. கத்தினேன் என்றே எழுத வேண்டும். நாளையிலிருந்து ஒவ்வொரு வாளியையும் கிளறிப் பார்த்துத்தான் போட விடுவேன் என்றும் சொன்னேன். எதிர்வீட்டுக் காமாட்சி அக்கா: "எங்க வீட்டு எச்சியக் கிளறிப் பாக்குற அளவுக்கு நாங்க என்ன களவாணியளா டீச்சர்?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். அருள் சாப்பிடவில்லை.

அக். 14, செவ்வாய்

மூன்று வாளி.

மற்றதெல்லாம் மறுபடி தெருமுனையில். எட்டு மணிக்குப் புகை. ஜன்னலில் ஈரத்துணி கட்டினேன். பயனில்லை. அருள் உதடு நீலம் பாரித்துவிட்டது. மருந்து இழுத்து, முதுகைத் தடவி, ஒரு மணி நேரம். இன்றும் லீவு.

மூச்சு திரும்பியதும் சொன்னார். "அந்த பிளேடு நம்ம வீட்டுது."

ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துவிட்டு, பின்வாசல் வரை நடக்க முடியாமல், காகிதத்தில் சுற்றி அடுப்படி வாளியில் போட்டிருக்கிறார். அதைத் தூக்கிப்போய்க் கொட்டியது நான். "நீ கத்துனதப் பாத்து வாய் வரல."

கோபம்கூட வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அக். 15, புதன்

ஆறு மணிக்குத் தொட்டியருகே நின்று, வந்த நான்கு பேரிடமும் சொன்னேன்: பிளேடு எங்கள் வீட்டுடையது. வராத வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். காமாட்சி அக்கா கதவைப் பாதி திறந்து, கேட்டுவிட்டு, மூடிக்கொண்டார்.

பள்ளி விட்டதும் பஸ் பிடித்து சாணார்பட்டி. பேச்சியம்மாள் இடது கையால் கீரை கட்ட முயன்றுகொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன்.

"நேத்து ஒரு எட்டு வந்து பாப்பியன்னு இருந்தேன் டீச்சர்."

யார் போட்டது என்று தெருவெல்லாம் கேட்ட நான், எப்படி இருக்கிறாய் என்று இவளைக் கேட்கவில்லை. உட்கார்ந்து கீரை கட்டினேன், முப்பது கட்டாவது இருக்கும். தளர்வாக இருந்ததையெல்லாம் பல்லால் அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அக். 16, வியாழன்

மழை இல்லை. சனிக்கு இன்னும் இரண்டு நாள். நாற்றம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அல்லது எனக்கு மரத்துவிட்டது.

அருள் தானும் வருவேன் என்று பிடிவாதம். அறுபது அடி தூரம், இரண்டு இடத்தில் நின்று நின்று. தொட்டியருகே நாற்காலி போட்டேன். ஆறு வாளி வந்தது. வந்தவர்களிடமெல்லாம் அவரே சொன்னார், நான்தான் போட்டேன் என்று.

ஏழேகாலுக்குக் காமாட்சி அக்கா. அருள் சொன்னதைக் கேட்டதும் வாளியை அவர் காலடியில் கவிழ்த்தார். "பாத்துக்கங்க."

அருள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முருங்கைக் குச்சி, வெங்காயத் தோல், சாதம், ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். நடுவில் இருமல், நிறுத்தினார், மறுபடி பார்த்தார். ஒரு ஷாம்பு பாக்கெட் கிடைத்தது. துடைத்து நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டார்.