கீழ்த்தள அறை எதற்கு?

கார்க், அயர்லாந்து
3 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வீடு வாங்கிவிட்டோம். விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் வீடு, 1887இல் கட்டியது. பதினான்கு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாக நிற்கின்றன. தெருப்பக்கம் துருத்திக்கொண்டு வரும் பெரிய சன்னல், அறைக்கொரு கணப்படுப்பு. வெளிமுகத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றக் கூடாதாம், உள்ளே மாற்றலாம். வரைபடம் இணைத்திருக்கிறேன். பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஊரார் வரைபடத்தையெல்லாம் திருத்தினீர்களே, என்னுடையதையும் பாருங்கள். முக்கியமாகக் கீழ்த்தள அறை. பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஃபெமினா


காப்பெல், டெக்சஸ்
19 மார்ச் 2024

அருமை மகள் ஃபெமினாவுக்கு,

நலம். முழங்கால் வலி அப்படியே. வரைபடத்தை மூன்று முறை சரிபார்த்துச் சிவப்புப் பென்சிலில் பதினொரு குறிப்புகள் எழுதியிருக்கிறேன். "அப்பா, அவ ஆர்க்கிடெக்ட். அவளுக்கே கரெக்‌ஷனா?" என்று உன் தம்பி ஆட்ரியன் சிரிக்கிறான்.

மாடிப்படிக்கு அகலம் போதாது. சன்னல்களின் உயரம் அழகு, தொடாதே. கீழ்த்தள அறைதான் விளங்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் இரண்டே பேர். மாடியில் மூன்று படுக்கையறை இருக்க, கீழே குளியலறையோடு இன்னொன்று எதற்கு? சுவரை எடுத்து ஹாலோடு சேர்த்துவிடு. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக.

அப்பா


கார்க்
2 மே 2024

அப்பா,

நீங்கள் சொன்னபடியே சுவரை எடுத்தாயிற்று.

அது உங்கள் அறை. மாடி ஏற வேண்டாமென்று கீழே போட்டேன். குளியலறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்திருந்தேன். அம்மா போனதிலிருந்து கூப்பிடுகிறேன், "பார்க்கலாம்மா" என்பீர்கள். இந்த முறை வரைந்து கேட்டேன். வேண்டாமென்று சிவப்பில் எழுதிவிட்டீர்கள். இனிக் கேட்க மாட்டேன்.

ஃபெமினா


காப்பெல்
14 மே 2024

ஃபெமினா,

உன் வரைபடத்தின் நகல் ஒன்று வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தேன். கைப்பிடியின் உயரத்தைச் சரிபார்த்து டிக் போட்டிருக்கிறேன். யாருக்கென்று யோசிக்கவில்லை. சன்னலோரம் ஒரு நாற்காலி வரைந்திருக்கிறாய். அதற்கும் டிக்.

"பார்க்கலாம்" என்றது விருப்பமில்லாமல் அல்லம்மா. போன இடத்தில் பாரமாகிவிடுவேனோ என்ற பயம். இதை எழுத நான்கு தாள் கிழித்தேன். ஹாலில் ஒரு மூலை போதும். வரட்டுமா?

அப்பா


காப்பெல்
30 ஆகஸ்ட் 2024

அன்பு மகளுக்கு,

போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. ஆட்ரியன், "கெடச்சிருக்கும்பா, விடுங்க" என்கிறான். அதே கடிதத்தை மறுபடி எழுதி, வரிகளுக்கிடையே நிறைய இடம் விட்டு, இதோடு வைத்திருக்கிறேன். தவறுகள் இருக்கும். சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்பு. அது போதும்.

அப்பா