அக்கா தூங்கிய இருபது நிமிடம்

மார்ச் 1, சனிக்கிழமை

அன்புள்ள தடியா,

நலம்தானே? முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை இன்னும் தைலத்திலேயே காலத்தை ஓட்டுகிறாயா? சரி, விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது.

பெரிய படம்: பத்துக்கு ஒன்பது! ஆமாம், ஒன்பதேதான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படி. இடைவேளைக்கு முன்னால் அந்த மழைச் சண்டை வந்ததே, விசில் அடித்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், விமர்சகர்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டு! பக்கத்தில் இருந்த நாளிதழ்க்காரர் திரும்பிப் பார்த்தார். நான் உடனே பின்வரிசையை முறைத்தேன். கதையில் ஆயிரம் ஓட்டை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டரை மணி நேரம் என்னை ஒரு கவலையும் படவிடவில்லை. பத்திரிகையில் நான்குதான் போடுவேன். இருபது வருடமாகக் கட்டிக் காத்த பெயர் என்னாவது?

சின்னப் படம்: மூன்று. பழைய கட்டடம், நின்றுபோன லிஃப்ட், ஐந்தாவது மாடியில் நோயாளிக் கணவர், படிக்கட்டில் கையைப் பிசைந்துகொண்டு மனைவி. லிஃப்ட் மெக்கானிக் வந்து டூல்ஸ் பெட்டியைத் திறந்தார், நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் போயிருக்கிறது. பரவாயில்லை, "தியானத்துக்கு நிகரான மௌனம்" என்று எழுதி எட்டு கொடுத்துவிடுவேன். உன் லிஃப்ட் ரிப்பேர் தொழில்தான் படமே, ஆனாலும் தினமும் பார்க்கிற வேலைக்கு நீயே டிக்கெட் வாங்க மாட்டாய்.

வழக்கப்படி நீயும் உன் மார்க்கை இன்றே தபாலில் சேர்த்திருப்பாய். என்னுடையதைப் பார்த்துவிட்டு எழுதினால் செல்லாது, எழுதியதை மாற்றவும் கூடாது. போனில் சினிமா பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அதனால்தானே இந்தச் சட்டமே போட்டோம்!

உன் அக்கா


மார்ச் 4, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்கா,

என் மார்க்கைச் சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன். பெரிய படத்துக்குப் பத்து. சின்னப் படத்துக்குப் பார்க்காமலே சுழி.

உன் உறையைப் பிரித்தால் கடிதத்தைக் காணோம். "தியானத்துக்கு நிகரான மௌனம்" என்று நான்கு பக்கக் கட்டுரை இருக்கிறது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அண்ணி எழுத்துதான், ஆனா அண்ணி மாதிரியே இல்லையே"ன்னாள். உன் கட்டுரை ஒன்றை நான் முழுதாகப் படித்தது இதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள்ளாதே, தலைகால் புரியவில்லை. "பழுதான மின்தூக்கி, நவீன மனிதனின் தேங்கிய ஆன்மாவின் படிமம்" என்று எழுதியிருக்கிறாய். லிஃப்ட் நின்றால் பிரேக்கைப் பார்க்கணும் அக்கா, ஆன்மாவை இல்லை.

ஆனால் லிஃப்ட் ரிப்பேரைப் படமாக எடுத்திருக்கிறான் ஒருத்தன், அதற்கு நீ எட்டு கொடுத்திருக்கிறாய். இங்கே மூன்றாவது ஸ்க்ரீனில் காலைக் காட்சி மட்டும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போகப்போகிறேன். என் கடிதம் எங்கே?

தடியன்


மார்ச் 6, வியாழக்கிழமை

தடியா,

உன் கடிதம் எங்கே என்றா கேட்டாய்? நாடு முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறது!

சனிக்கிழமை உன் கடிதம், பத்திரிகைக் கட்டுரை இரண்டையும் ஒரே மூச்சில் எழுதி, உறைகளில் விலாசமும் எழுதிவிட்டேன். உள்ளே வைக்கிற நேரத்தில் அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து, எதை எதில் வைக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் ஒட்டித் தொலைத்தேன். பத்திரிகை ஆசிரியர் விடுமுறையில் இருந்தார். பக்கம் அமைக்கிறவர் ஏதோ புது பாணி என்று நினைத்து அப்படியே போட்டுவிட்டார். கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு: "அன்புள்ள தடியா". விசில், நாலு மார்க் பித்தலாட்டம், தூக்கம், உன் முழங்கால், ஒன்று விடாமல் அச்சாகிவிட்டது.

இன்று காலை இதழ் வந்ததிலிருந்து ஆபீஸில் போன் ஓயவே இல்லை. பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். சின்னப் படத்தின் இயக்குநர் கூப்பிட்டார். இருபத்தாறு வயதுப் பெண். கோபமே இல்லை அவளுக்கு. "டூல்ஸ் பெட்டி திறந்ததுமே தூங்கிட்டீங்களே, ஏன்னு சொல்றீங்களா மேடம்? அங்க நான் ஏதாவது தப்பு பண்ணியிருக்கேனான்னு பாக்கணும்" என்று கேட்டாள். பார்த்திருந்தால்தானே சொல்ல!

விமர்சகரே தூங்கிய படம் என்று இன்றைய காலைக் காட்சிக்கே தியேட்டர்களில் கூட்டம் குறைந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமையோடு எல்லா ஊரிலும் தூக்கப்போகிறார்களாம். என் மானம் போனால் போகட்டும். மூன்று வருடம் உழைத்தவளின் படத்தை நான் தூங்கியே கொன்றுவிட்டேனே, வெட்கமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

அக்கா, அக்கா, அக்கா!

இப்போதுதான் தியேட்டரிலிருந்து வந்தேன், இன்னும் சட்டைகூட மாற்றவில்லை. படத்தின் உயிரே அந்த இருபது நிமிடம்தான். அதில் போய்த் தூங்கியிருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல!

கேள். அந்த மெக்கானிக் முதலில் தரைத்தளத்தில் மெயின் சுவிட்சை அணைக்கிறார். தன் சொந்தப் பூட்டை எடுத்து அதில் போடுகிறார். சாவியைச் சட்டைப் பையில் வைக்கிறார். அப்புறம்தான் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்குகிறார். எங்கள் வேலையில் அந்தப் பூட்டுதான் உயிர். உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது கரண்ட் போட்டால் முடிந்தது கதை. இத்தனை வருடத்தில் எந்தப் படத்திலும் இதைக் காட்டியதில்லை. நம்ம பெரிய படத்து ஆட்கள் லிஃப்ட் என்றால் ஒற்றைக் கையில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள், நானும் கை தட்டுவேன்.

இவர் உள்ளே இருக்கிறார். மேலே அந்த அம்மா அவசரப்படுத்துகிறார். கீழே பொறுமை இழந்த ஒரு குடித்தனக்காரர் வந்து அந்தப் பூட்டைப் பிடித்து ஆட்டுகிறார். சங்கீதம் கிடையாது. பூட்டு ஆடுகிற சத்தம் மட்டும். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டோம் அக்கா. எங்கள் சீனியர், பொதுவாக வாயே திறக்காத மனுஷன், "தொடாதய்யா, உள்ள ஆள் இருக்கு!" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டார். ஹாலில் மொத்தம் ஒன்பது பேர். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பார்க்காமல் சுழி போட்டவன் நான். பார்க்காமல் எட்டு போட்டவள் நீ. இரண்டு பேருக்கும் காதைத் திருகணும். இன்னொரு தடவை போ. காபி குடித்துவிட்டுப் போ.

தடியன்


மார்ச் 12, புதன்கிழமை

அன்புள்ள தடியா,

தியேட்டர் வாசலில் உட்கார்ந்து முழங்கால்மேல் வைத்து எழுதுகிறேன், கிறுக்கலை மன்னித்துக்கொள். இரண்டு காபி ஆயிற்று. காட்சிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. முதல் வேலைக்குப் போன நாளில்கூட இப்படிப் படபடத்ததில்லை.

ஆசிரியர் திரும்பி வந்துவிட்டார். "அது நகைச்சுவைக்கு எழுதினதுன்னு ரெண்டு வரி போட்டுடலாம். ஒரு மாசத்துல மறந்துடுவாங்க" என்றார். தப்பிக்க வழி கிடைத்ததே என்று எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம், ஒரு பக்கம் முழுக்கக் கொடுங்கள் என்றேன். "உன்ன அப்புறம் எவன் நம்புவான்?" என்றார். இப்போது மட்டும் எவன் நம்புகிறானாம்! மூன்று மணிக்குள் எழுதிக் கொடுத்தால் நாளை இதழில் வரும். தியேட்டர்காரர்கள் பத்திரிகை வரும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

படம் இந்தத் தடவையும் பிடிக்காமல் போனால் பிடிக்கவில்லை என்றுதான் எழுதுவேன், உனக்காகக்கூட மாற்ற மாட்டேன். பிடித்துவிட்டால் நம் சட்டத்தை மீறி மார்க்கை மாற்றுவேன், நீ சண்டைக்கு வரக் கூடாது. மணி அடித்துவிட்டது. முடிந்ததும் உனக்கு எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா,

முடிந்ததும் எழுதுகிறேன் என்றாய். வெள்ளிக்கிழமை தபாலில் ஒன்றும் வரவில்லை, சனிக்கிழமையும் இல்லை. ஊரைக் கூட்டிவிட்டுத் தம்பியை மறந்துவிட்டாள் என்று நன்றாகக் கோபம் வந்தது. சரி, என்னதான் எழுதியிருக்கிறாள் பார்ப்போம் என்று முதல் தடவையாகக் கடைக்குப் போய் உன் பத்திரிகையை வாங்கினேன். நடைபாதையில் நின்றபடியே படித்தேன்.

பெரிய படத்துக்கு ஒன்பதுதான், விசில் அடித்தது நான்தான் என்று எழுதியிருக்கிறாய். நாளிதழ்க்காரர் இனி உன் பக்கத்தில் உட்கார மாட்டார். சின்னப் படத்துக்கும் ஒன்பது. அதோடு கடைசிக் கால் மணி நேரம் தேவையில்லை, வெட்டியிருக்கலாம் என்று ஒரு கொட்டும் வைத்திருக்கிறாய். அந்தப் பெண் தாங்கிக்கொள்வாள்.

பிறகு அந்த இடம் வந்தது. "குழியில் இறங்குமுன் அந்த மனிதர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். என் தம்பியும் அப்படித்தான். சாப்பிட உட்காரும்போதுகூடத் தொடுவான். சாவி எங்கேயும் ஓடிடாதுடா என்று இருபது வருடமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். அது அவனுடைய உயிர் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்."

கடைக்காரர், "என்ன சார், கண்ணு கலங்குது, யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டார். எங்க அக்கா லெட்டர் என்றேன். அவர் பத்திரிகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சின்னப் படம் இங்கே மாலைக் காட்சிக்கு மாறிவிட்டது. நேற்று சீனியர் தன் குடும்பத்தோடு மறுபடி போனாராம். பிள்ளைகளுக்குப் பூட்டைக் காட்டியிருக்கிறார்.

உன் பக்கத்தை மட்டும் கிழித்து நாலாக மடித்து வைத்திருக்கிறேன். சட்டைப் பையில்தான், சாவியோடு.

தடியன்